எம்ஜிபிக்கு எந்த ஷாக் அப்சார்பர்: பழைய லீவரா, டெலஸ்கோப்பிக்கா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில், பிரிட்டனின் எம்ஜி கம்பெனி செய்த எம்ஜிபியை வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. முழு பாடியையே பழைய அச்சுகளில் அடித்து 1988-லேயே புதிதாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஷாக் அப்சார்பர் என்று வந்தால் மட்டும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பழையதையே சரிசெய் என்பார் ஒருவர், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டெலஸ்கோப்பிக் மாட்டு என்பார் இன்னொருவர், ஆயிலை மட்டும் மாற்றினால் போதும் என்பார் வேறொருவர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வண்டியில் எது தேய்ந்திருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்துக்கு, தேய்ந்த ஓட்டையை ஒழுங்காக போர் செய்து (மெஷினில் பெரிதாக்கி) புது புஷ், அதாவது ஷாஃப்ட் ஓடும் வளையம், போட்ட பழைய ஆம்ஸ்ட்ராங் லீவர் யூனிட். பின்பக்கத்துக்கும் அதுதான் என் முதல் தேர்வு, ஆனால் அங்கே ஒருவர் டெலஸ்கோப்பிக் போட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். முன்பக்கத்தில் போட்டால் போவேன். காரணம் புரிய வேண்டுமானால் இந்த லீவர் சமாச்சாரம் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இப்போதைய கார்களில் ஷாக் என்றால் நீளமான குழாய், உள்ளே ஒரு தண்டு போய்வரும், அதுதான் டெலஸ்கோப்பிக். எம்ஜிபியில் இருப்பது அலுமினியத்தில் வார்த்த கனமான ஒரு பெட்டி. உள்ளே இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன், குறுக்கே ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டின் முனையில் கை. சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும், ஷாஃப்ட் திரும்பும், பிஸ்டன்கள் ஆயிலை ஒரு வால்வு வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். வால்வில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள்தான் எவ்வளவு இறுக்கம் என்று முடிவு செய்கின்றன. செய்தது யார்க்‌ஷயரில் இருந்த ஆம்ஸ்ட்ராங் பேட்டன்ட்ஸ் கம்பெனி. எம்ஜிஏ, மிட்ஜெட், டிரையம்ஃப் டிஆர்6-இன் பின்பக்கம் என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இதே ஆம்ஸ்ட்ராங்தான். ஏதோ காசில்லாதவன் வண்டிக்குப் போடும் மலிவு சாமான் என்று நினைத்துவிடாதீர்கள், ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-இன் பின்பக்கத்திலும் லீவர்தான். அதில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்விட்சைத் திருப்பி இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ‘செலக்டாரைட்’ வசதி கூட உண்டு.

சரி, எம்ஜிபியின் முன்பக்கத்துக்கு வருவோம். எல்லாச் சிக்கலும் இங்கேதான். அங்கே ஷாக்கின் இரண்டு கைகளும் சேர்ந்து சஸ்பென்ஷனின் மேல் விஷ்போனாகவே, அதாவது சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆட விடும் கவை போன்ற கையாகவே, வேலை செய்கின்றன. கீழே தனி விஷ்போன், காயில் ஸ்பிரிங் எல்லாம் உண்டு. மேலே தனியாக எதுவும் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் மேல் முனை நேராக ஷாக்கின் கையில் போய்ப் பூட்டுகிறது. ஆக, வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசை, பிரேக் அடிக்கும்போது வரும் இழுப்பு எல்லாவற்றிலும் ஒரு பங்கு அந்த ஷாஃப்டின் மேல்தான் விழுகிறது. ஷாஃப்டோ நேரடியாக அலுமினியத்தில் துளைத்த ஓட்டையில் ஓடுகிறது. ஐம்பது, அறுபது வருஷம் ஓடினால் ஓட்டை நீள்வட்டமாகத் தேயும், சீல் வழியாக ஆயில் கசியும், கசிந்த இடத்தில் தூசி ஒட்டும், அந்தத் தூசி சீலை இன்னும் அரிக்கும். வண்டியின் முன்பக்கம் ஒரு மாதிரி மிதக்கிறது, ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஷாக்கின் இறுக்கம் குறைந்ததைச் சொல்லவில்லை, மேல் விஷ்போன் ஆடுவதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சத் தேர்வுகளெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். மட்கார்டை அழுத்தி விட்டு எத்தனை தடவை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனை இந்த வண்டியில் அதிகம் சொல்லாது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே பாதி ஷாக்கின் வேலையைச் செய்து உங்களை ஏமாற்றிவிடும். பின்பக்கத்தில் ஆக்ஸிலுக்குப் போகும் லிங்கைக் கழற்றிவிட்டு, கையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் நல்ல யூனிட். நடுவில் ஓர் இடத்தில் பொசுக்கென்று விட்டுக்கொடுத்து, அப்புறம் மறுபடி பிடித்தால் உள்ளே காற்று இருக்கிறது, ஆயில் குறைந்திருக்கிறது. எங்கேயும் பிடிக்காமல் தொட்டில் மாதிரி ஆடினால் ஆயிலே இல்லை அல்லது வால்வு போய்விட்டது. அடுத்து கையை மேலும் கீழும் தள்ளாமல், ஷாஃப்டோடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அதில் டிக் டிக் என்று ஆட்டம் தெரிந்தால் ஆயில், சீல் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

முன்பக்கத்தில் இதே சோதனையைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கீழ் விஷ்போனின் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்காமல், கிங்பின்னை ஷாக்கின் கையோடு பூட்டும் மேல் டிரனியன் போல்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். அமுங்கியிருக்கும் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதில் ஷாக்கின் கைக்கும் பங்கு உண்டு. அதை விடுவித்தால் கீழ் விஷ்போன் என்ன வேகத்தில் இறங்கும் என்பதை நேரில் பார்க்க யாரும் ஆசைப்பட வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் மற்றவற்றையும் இப்போதே பார்த்துவிடலாம். கீழ் விஷ்போனின் உள் ரப்பர் புஷ்கள் நைந்திருந்தால் புது ஷாக் போட்டும் வண்டி அப்படியேதான் இருக்கும். எம்ஜிபி ஜிடி வி8-க்குக் கம்பெனியே போட்ட, உலோகத்தோடு ஒட்டிய புஷ்கள் சாதாரண எம்ஜிபிக்கும் பொருந்தும். பலரும் செய்யும் மாற்றம் இது, அந்தக் காலத்துச் சாமானும் கூட. டிரனியன் ரப்பர்கள் சின்னக் காசுதான், கழற்றியதோடு மாற்றிவிடுங்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்துபோயிருந்தால் அது தனி வேலை.

இனி தேர்வுகள். ஆயில் மட்டும் மாற்றுவதில் தொடங்குவோம், அதற்குத்தான் செலவே இல்லை. எம்ஜி கையேடு கேட்பது ‘ஆம்ஸ்ட்ராங் சூப்பர் தின் 624’ என்ற ஆயில். அது கிடைக்காவிட்டால் நல்ல தரமான எஸ்ஏஇ 20/20டபிள்யூ மினரல் ஆயில் ஊற்றலாம், ஆனால் கடும் குளிர் உள்ள இடங்களுக்கு அது சரிப்படாது என்றும் அதே கையேடு சொல்கிறது. இன்று பலர் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயிலையோ ஹைட்ராலிக் ஜாக்கி ஆயிலையோ ஊற்றுகிறார்கள், இரண்டும் வேலை செய்யும். பிரேக் ஆயில் மட்டும் வேண்டாம், சீல் ஊதிப்போகும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது வால்வில் போய் உட்காரும். ஊற்றியபின் கையை முழுத் தூரத்துக்கும் பலமுறை ஆட்டினால்தான் காற்று வெளியேறும். பின்பக்க யூனிட்டின் மூடி பாடிக்கு நெருக்கமாக இருப்பதால், கழற்றி வைஸில் நிமிர்த்திப் பிடித்துச் செய்வதே எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. கழற்றியபின்னும் நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போட்டால் அழுத்த அறைக்குள் காற்று புகுந்துவிடும்.

ஷாஃப்டில் ஆட்டம் இல்லாமல், ஆயில் மட்டும் குறைந்திருந்தால் இது போதும். ஆட்டம் இருந்தால் ஊற்றிய ஆயில் கொஞ்ச நாளில் ஷாக் உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் வந்து நிற்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் இறுக்கம் கூடும் என்று செய்பவர்கள் உண்டு. கூடும்தான், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி கூடிவிடும், குளிர் காலையில் ஒரு மாதிரியும் ஒரு மணி நேரம் ஓட்டியபின் வேறு மாதிரியும் இருக்கும். இறுக்கம்தான் வேண்டுமென்றால் அதற்கு வால்வு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச் ரெகண்டிஷன். பழையதைக் கொடுத்துவிட்டுச் சரிசெய்த ஒன்றை வாங்கும் முறை. எம்ஜிபி உலகத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் வாங்குகிறார்கள், அதிகமாக ஏமாறுவதும் இங்கேதான். ‘ரெகண்டிஷன்’ என்ற ஒரே லேபிளுக்குக் கீழே இரண்டு வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, கழுவி, புது சீல் போட்டு, ஆயில் நிரப்பி, பளபளவென்று பெயிண்ட் அடிப்பது. இன்னொன்று, முழுக்கப் பிரித்து, தேய்ந்த ஓட்டையை மெஷினில் போட்டுப் பெரிதாக்கி, அதில் வெண்கல புஷ்ஷோ வேறு நல்ல புஷ்ஷோ இறக்கி, ஷாஃப்டைச் சாணை பிடித்து அல்லது மாற்றி, அதற்குப் பிறகு சீல் போடுவது. முதலாவது சில மாதம் தாங்கும். இரண்டாவதற்குப் பிறகு அந்த யூனிட் தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் தொழிற்சாலை கொடுத்ததில் புஷ்ஷே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் முதல் வகையின் பெயிண்ட்தான் அழகாக இருக்கும்.

எனக்கு ஒருமுறை வந்து சேர்ந்த ஜோடி அப்படித்தான். பெட்டியைப் பிரித்ததும் கறுப்பு பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது, கையைத் தள்ளினால் எதிர்ப்பும் சீராக இருந்தது. ஷாஃப்டைப் பிடித்து அசைத்ததும்தான் குட்டு வெளிப்பட்டது: கழற்றி அனுப்பிய பழையதில் இருந்ததைவிட ஆட்டம் அதிகம். சீலுக்குப் பக்கத்தில் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஆயில் மெல்லிய வளையமாக எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, இத்தனைக்கும் அது இன்னும் வண்டியில் ஏறவேயில்லை. திருப்பி அனுப்பினேன், பணமும் வந்தது, கடைக்காரர் பெயர் இங்கே வேண்டாம்.

ஆகவே விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: ஷாஃப்ட் ஓடும் இடத்தை போர் செய்து புஷ் போடுகிறீர்களா? ஆமாம் என்பவர் என்ன உலோகம், என்ன சீல், எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று தானே சொல்ல ஆரம்பிப்பார். மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள், விலை பாதியாக இருந்தாலும் சரி. இன்னும் நல்ல வழி, எக்ஸ்சேஞ்சாக இல்லாமல் உங்கள் யூனிட்டையே அனுப்பி அதையே திரும்ப வாங்குவது. வண்டி சில வாரம் ஸ்டாண்டில் நிற்கும், பரவாயில்லை என்றால் இதுதான் சிறந்தது. வருஷத்துக்கு வருஷம் வால்வு மாறியிருக்கிறது, எக்ஸ்சேஞ்சில் எந்த வருஷத்துப் பெட்டிக்குள் எந்த வருஷத்து வால்வு வரும் என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் எக்ஸ்சேஞ்ச் வாங்கினால், வண்டியின் வருஷத்தைச் சொல்லி ஆர்டர் செய்யுங்கள், பின்பக்கத்துக்கு இடது வலது வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தக் காலத்து ஆம்ஸ்ட்ராங் பெட்டியிலேயே பிரிக்காமல் இருக்கும் பழைய ஸ்டாக் எப்போதாவது விற்பனைக்கு வரும். அட்டைப்பெட்டியைப் பார்த்தே பலர் மயங்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சீல் நாற்பது வருஷத்துக்கு மேல் காய்ந்து கிடந்த ரப்பர். மாட்டி ஓட்டினால் கசியும், பிரித்து சீல் மாற்ற வேண்டும், எப்படியும் பிரிக்கிறோம் என்றால் உங்களிடம் இருக்கும் பழையதைப் பிரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஷாஃப்டும் ஓட்டையும் தேயாமல் இருக்கும் என்பது மட்டும்தான் லாபம். அலமாரியில் அழகுக்கு வைப்பவர்கள் வாங்கட்டும்.

புதிதாக வார்த்துச் செய்த லீவர் யூனிட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. தேய்ந்து தேய்ந்து இனி போர் செய்ய உலோகமே இல்லாத பெட்டி, உடைந்த காது, மரை போன ஓட்டை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இவை உதவும். நல்ல யூனிட்டும் வருகிறது, பிடித்தம் இல்லாததும் வருகிறது. வந்ததும் வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேலே சொன்ன கைச் சோதனையைச் செய்யுங்கள், ஜோடியில் இரண்டும் ஒரே எதிர்ப்பு காட்டுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். நல்ல பழைய பெட்டி கையில் இருக்கும்போது இதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இப்போது இறுக்கமான வால்வு. ‘அந்தக் காலத்துச் சாமான்தான் வேண்டும், ஆனால் வண்டி வளைவில் கொஞ்சம் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும்’ என்பவர்களுக்கு இதுதான் சரியான வழி, ஆனால் பேசப்படுவது குறைவு. பெட்டி, கை, தோற்றம் எதுவும் மாறாது. ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் வால்வை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் கடினமான வேறு வால்வைப் போடுவது, அவ்வளவுதான். இறுக்கமான லீவர் என்பது இன்றைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, எம்ஜிபி தயாரிப்பில் இருந்த காலத்திலேயே ஆபிங்டனில் இருந்த ஸ்பெஷல் டியூனிங் பிரிவு அப்படிப்பட்டவற்றை விற்றது. எம்ஜிபி 1964 மான்டி கார்லோ ராலியில் ஜிடி பிரிவை வென்றதும், 1966-இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடிய மாரத்தான் தெ லா ரூட்டை வென்றதும் லீவர் ஷாக்கோடுதான். லீவரை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டவே முடியாது என்று சொல்பவரிடம் இந்த 84 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அளவு முக்கியம். ரோட்டில் ஓட்டும் வண்டிக்குக் கொஞ்சம் இறுக்கினால் போதும், பந்தய அளவுக்கு இறுக்கினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் கேட்கும், வண்டி ரோட்டைப் பிடிப்பதற்குப் பதிலாக மேலே துள்ளும். புஷ் தேய்ந்த யூனிட்டில் இறுக்க வால்வு போடுவது இன்னும் மோசம், ஷாஃப்டின் மேல் விசை கூடி ஓட்டை இன்னும் வேகமாகத் தேயும். போர் செய்து புஷ் போடும்போதே வால்வையும் மாற்றித் தரச் சொல்லுங்கள், தனித்தனியாகச் செய்ய வேண்டாம்.

லீவருக்கு உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் ஆயில் ரொம்பக் கொஞ்சம். மேடு பள்ளமான பாதையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் அந்தக் கொஞ்ச ஆயில் சூடாகி இளகி, ஷாக்கின் பிடி தளர்ந்துகொண்டே போகும். டெலஸ்கோப்பிக்கில் பிஸ்டனின் பயணம் நீளம், ஆயில் அதிகம், சூடு வெளியேறும் பரப்பும் அதிகம். அதனால் ஒரே சீராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமத்து ரோட்டில் சுற்றிவிட்டு வருபவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலைப்பாதையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்குத் தெரியும்.

பின்பக்கத்துக்கு டெலஸ்கோப்பிக் கிட் பல வருஷமாகவே விற்பனையில் இருக்கிறது, ஸ்பாக்ஸ், கோனி இரண்டும் பழகிய பெயர்கள். பொதுவாக, லீவர் யூனிட் பூட்டியிருந்த அதே இரண்டு போல்ட் ஓட்டைகளில் மேல் பிராக்கெட் உட்காரும், கீழே லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டின் தட்டுக்குப் பதிலாக ஷாக்கைப் பிடிக்கும் தட்டு வரும். வெட்டுவதும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரு மத்தியானத்தில் பழையபடி திருப்பிவிடலாம். பின்பக்கத்தில் லீவர் வெறும் ஷாக் மட்டுமே, ஆக்ஸிலைப் பிடித்து வைப்பது லீஃப் ஸ்பிரிங். அதனால்தான் இங்கே நான் விட்டுக்கொடுக்கிறேன்.

இரண்டையும் ஒப்பிட்டால், ஸ்பாக்ஸில் இறுக்கத்தை வண்டியிலேயே இருக்கும்போது பக்கவாட்டுத் திருகைத் திருப்பி மாற்றலாம். பழைய பாணி கோனியில் யூனிட்டைக் கழற்றி, முழுக்க அமுக்கி, திருப்ப வேண்டும். அடிக்கடி மாற்றிப் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஸ்பாக்ஸ் வசதி. ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுபவர்களுக்கு கோனி, என் விருப்பமும் கோனிதான், ஏனென்றால் திருப்ப வசதி இருந்தால் எல்லோரும் இறுக்கும் பக்கம்தான் திருப்புகிறார்கள். எதை வாங்கினாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஆக்ஸில் முழுக்கக் கீழே தொங்கும்போது அதைத் தடுப்பது ரப்பர் பட்டையாக இருக்க வேண்டும். ஷாக் அதற்கு முன்னாலேயே முழு நீளத்துக்கு நீண்டுவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது உள்ளேயிருந்து அடி வாங்கும், சீக்கிரம் செத்துவிடும். இன்னொன்று, ஷாக் சாய்ந்து நிற்கும் கோணம். ரொம்பப் படுத்தவாறு வைக்கும் பிராக்கெட்டில் பாதி வேலைதான் நடக்கும், அதை ஈடுகட்ட இறுக்கினால் மறுபடி பழைய கதை.

பின்பக்கம் மட்டும் இறுக்கமான டெலஸ்கோப்பிக், முன்பக்கம் களைத்துப்போன லீவர் என்று ஓடும் வண்டிகள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. பின்பக்க கிட் மாட்ட எளிது, அதனால் அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். காசு முன்பக்கத்தில் போயிருக்க வேண்டும்.

முன்பக்க டெலஸ்கோப்பிக்கில் இரண்டு வகை. முதல் வகையில் லீவர் பெட்டி அப்படியே இருக்கும், உள்ளே வால்வை எடுத்துவிட்டு அதை வெறும் கீலாக மாற்றிவிட்டு, பக்கத்தில் குழாய் ஷாக் ஒன்றைச் சேர்ப்பார்கள். தேய்ந்த ஷாஃப்ட் ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆட்டமும் அப்படியே. பிரச்சினை எதுவோ அதைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் செலவு செய்வது இது. முன்பக்கத்தில் சண்டைக்கு வருவேன் என்றேனே, இதற்குத்தான். இரண்டாவது வகையில் லீவரையே தூக்கிவிட்டு, தனி மேல் விஷ்போனும் டெலஸ்கோப்பிக்கும் வரும். நன்றாக வடிவமைத்தது என்றால் வண்டி உண்மையிலேயே மாறும், கேம்பரை, அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தைக் கூடத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். விலையும் அதற்கேற்ப. ஆனால் அதைப் போட்டபின் அது 1960-களின் எம்ஜிபி போல ஓடாது, அப்படி ஓட வேண்டும் என்றும் நீங்கள் நினைக்கவில்லை. அதில் தப்பில்லை, ‘அந்தக் காலத்துக்கு ஏற்றது’ என்று மட்டும் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும்: கம்பெனியே எம்ஜிசிக்கு முன்பக்கத்தில் டெலஸ்கோப்பிக் போட்டதே, நாம் போட்டால் என்ன? போட்டது உண்மை. 1967 முதல் 1969 வரை வந்த எம்ஜிசியில் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆறு சிலிண்டர் இன்ஜினை நுழைப்பதற்காக முன்பக்கத்தையே மாற்றி, காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வேலை செய்யும் டார்ஷன் பார் வைத்தார்கள், அதோடு டெலஸ்கோப்பிக் வந்தது. அது வேறு சஸ்பென்ஷன். எம்ஜிபியின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்ட வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் 1973-இல் வந்த ஜிடி வி8-ஐப் பாருங்கள். மூன்றரை லிட்டர் வி8 இன்ஜினைப் போட்டும் நான்கு மூலையிலும் லீவரைத்தான் விட்டுவைத்தார்கள்.

‘அந்தக் காலத்துக்கு ஏற்றது’ என்பதற்கு யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். பிரிட்டனில் 2018 மே முதல் நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை, ஆனால் கடந்த முப்பது வருஷத்துக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சஸ்பென்ஷனின் வகையை மாற்றுவதும் பெரிய மாற்றம் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது, அப்புறம் விதிவிலக்குகளையும் அதுவே அடுக்குகிறது: அந்த மாடல் தயாரிப்பில் இருந்தபோதோ, தயாரிப்பு நின்று பத்து வருஷத்துக்குள்ளோ செய்யப்பட்ட வகை மாற்றம் என்று காட்ட முடிந்தால் சரி, பாதுகாப்பைக் கூட்டும் மாற்றம் என்றாலும் சரி. ஆக, பின்பக்க டெலஸ்கோப்பிக்குக்காக அங்கே யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஜெர்மனியில் பழம்பெரும் வண்டிகளுக்குக் கொடுக்கும் எச் நம்பர் பிளேட் வேண்டுமென்றால் கொஞ்சம் கறார்: வண்டிக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், மாற்றங்கள் அந்தக் காலத்தில் நடந்திருக்கக்கூடியவையாக இருக்க வேண்டும், அதைச் சோதிப்பவரை ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் பொறுப்பு. பழைய அச்சு விளம்பரமோ கேட்டலாக் பக்கமோ கையில் இருந்தால் நல்லது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் சான்றோடு பழைய கார்களுக்கான வரலாற்றுப் பந்தயத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பேச்சுக்கே இடமில்லை, வண்டி அந்தக் காலத்துப் பதிவுப் படிவத்தில் உள்ளபடி இருக்க வேண்டும், அதாவது லீவர்.

இத்தனையும் படித்துவிட்டு ‘என் வண்டிக்கு என்ன செய்வது’ என்று கேட்டால், நான் செலவழிக்கும் வரிசை இது. முதலில் முன்பக்க இரண்டையும் கழற்றி போர், புஷ், ஷாஃப்ட், சீல் என்று முழு வேலை. கூடவே டிரனியன் ரப்பரும் வி8 புஷ்களும். அதன்பிறகு வண்டியை நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் தளர்வாகத் தெரிந்தால் மட்டும் அங்கே கை வைக்கிறேன். பின்பக்க லீவரில் ஆட்டம் இல்லையென்றால் ஆயில் மாற்றினால் போதும். ஆட்டம் இருந்தால் அதையும் அதே ஆளிடம் அனுப்புகிறேன். நீண்ட பயணம், இரண்டு பேர், டிக்கி நிறைய சாமான் என்று ஓட்டுபவராக இருந்தால் அந்தக் காசைப் பின்பக்க டெலஸ்கோப்பிக்கில் போடலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

டெலஸ்கோப்பிக் ஏற்கனவே மாட்டிய வண்டியை வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் பழைய லீவர் யூனிட்டுகள் எங்கே என்று கேளுங்கள். ஷெட்டில் எங்கேயோ கிடக்கும், ஆயில் வடிந்து, கை துருப்பிடித்து, பார்க்க ஒன்றுக்கும் உதவாததாக. அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். ரெகண்டிஷன் செய்பவர்கள் பழைய பெட்டி கொடுக்காதவரிடம் தனியாகப் பணம் பிடிப்பார்கள், பெட்டியே இல்லாவிட்டால் புதிதாக வார்த்ததைத் தேடி ஓட வேண்டும். நீங்களே டெலஸ்கோப்பிக்குக்கு மாறினாலும் கழற்றியதில் கொஞ்சம் ஆயில் நிரப்பி, நிமிர்த்தி, இடது வலது என்று எழுதி வைத்துவிடுங்கள்.